மாடக்கண்ணுவின் இடது புருவம்

எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் மாடக்கண்ணுவுக்குக் 'கல்லுமூஞ்சி' என்று பேர். வைதவர்கள் வைத்த பேர் இல்லை, மெச்சியவர்கள் வைத்தது. ஆட்டுத் தரகருக்கு அதற்கு மேல் ஒரு பட்டம் யாரும் கொடுத்துவிட முடியாது.

சந்தைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது விளங்காது. அங்கே விலையை வாயால் பேசுகிற வழக்கம் இல்லை. வாங்குகிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள்ளே போகும். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, மடக்கினால் ஒரு கணக்கு, உள்ளங்கையைச் சுரண்டினால் வேறொன்று. சுற்றி எத்தனை பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். ஆட்டை ஓட்டி வந்தவர் விடியும்போதே தரகர் காதில், 'இதுக்குக் கீழ மட்டும் போயிராதீங்க' என்று ஒரு விலையைப் போட்டுவைத்திருப்பார். அந்த விலை வந்துவிட்டது என்பதைத் தரகர் காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டினால் வாங்குகிறவன் அங்கேயே நின்றுகொள்வான். காட்டாவிட்டால் வருமோ வராதோ என்று பயந்து இன்னும் ஒரு விரல் ஏறுவான். தொழிலே அவ்வளவுதான். கையில் இருக்கிற வித்தை கொஞ்சம், மூஞ்சியில் இருப்பதுதான் மிச்சம் முழுவதும்.

ஒரு தடவை பேரத்தின் நடுவில் மாடக்கண்ணு காலுக்கு மேலே சாரைப்பாம்பு ஒன்று ஊர்ந்து போனது. சுற்றி நின்ற ஆம்பிளைகள் எல்லாம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாடக்கண்ணு துண்டுக்குள் விட்ட கையை எடுக்கவில்லை. பாம்பு போய், வியாபாரம் முடிந்து, துண்டை உதறித் தோளில் போட்ட பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தார். அப்பேர்ப்பட்ட கல்லை, பேபி என்கிற ஒரு பொம்பளை தண்ணீரைத் தொட்டு உடைத்தாள்.

பேபி கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற ஒரு பிரஸ்ஸில் ஓவியம் வரைகிறவள். கிளி, ரோஜா, குதிரை, குத்துவிளக்கு எல்லாம் வரைவாள். முகம் வேண்டுமென்றாலும் அவள்தான். முகம் என்றால் என்ன முகம்? ஒரே முகம். உப்பின கன்னம், மை தீட்டின கண்ணு, ஒரு வருத்தமும் அறியாத சிரிப்பு. பாப்பாவுக்கும் அதே சிரிப்பு, பட்டாளத்துக்காரனுக்கும் அதே சிரிப்பு. "மூஞ்சின்னா சுத்தமா இருக்கணும்மா, ஒரு மடிப்புத் தெரியக் கூடாது" என்பார் முதலாளி ஹரிகிருஷ்ணன். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் விற்பது தீப்பெட்டி. பேபியும் அந்த வேலையில் கெட்டிக்காரிதான். ஆனால் வாரம் முழுக்க அந்தச் சிரிப்பை வரைந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாய் வலிக்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

சனியும் ஞாயிறும் அவளுக்கு லீவு. அவள் புருஷன் சுடலைராஜ் லோடு வேன் வைத்திருந்தான். சனிக்கிழமை தவறாமல் எட்டயபுரம் சந்தைக்கு ஆடு ஏற்றப் போவான். ஒரு பங்குனி மாதத்தில், வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அவளும் வேனில் ஏறிப் போனாள். போனவள் சந்தையைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டாள். எத்தனை முகங்கள்! எச்சிலை விழுங்குகிறவன், விழுங்காத மாதிரி நடிக்கிறவன், விற்ற குட்டியைத் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று வானத்தைப் பார்க்கிறவள், கூடுதலாகக் கொடுத்துவிட்டோமோ என்று காதைக் குடைகிறவன். ஒரு முகத்திலாவது அந்த லேபிள் சிரிப்பு கிடையாது.

அடுத்த வாரமே பெயின்டும் பிரஷ்ஷுமாக வந்து இறங்கினாள். வேனின் பின்கதவை இறக்கிப் போட்டு அதில் உட்கார்ந்து, பிரஸ்ஸில் வெட்டிப்போட்ட கெட்டித் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு வரையத் தொடங்கினாள். அப்புறம்தான் தெரிந்தது சங்கதி. சந்தை முகம் நிற்காது. கண்ணை வரைந்து முடிப்பதற்குள் ஆள் ஆட்டின் பல்லைப் பார்க்கப் போய்விடுவான். பென்சிலைத் தூக்கி எறிந்தாள். பிரஷ்ஷைச் சொட்டச் சொட்ட நனைத்து, ஒரே இழுப்பில் தலையும் தோளும், அடுத்த இழுப்பில் கையும் இடுப்பும் என்று வீசிப் பழகினாள். அதற்கும் அந்த ஊர் வெயில் விடவில்லை. ஒரு வர்ணத்தை வைத்து இன்னொன்றைத் தொடுவதற்குள் முதலில் வைத்தது காய்ந்து கோடு கட்டிவிடும். அவளே யோசித்து, பெயின்டில் கொஞ்சம் கருப்பட்டித் தண்ணியைக் கலந்தாள். ஈரம் நின்றது. வர்ணத்துக்குள் வர்ணம் ஓடிக் கலந்து, கன்னமும் தாடையும் தானாக உருண்டு வந்தன.

கருப்பட்டியால் ஒரே ஒரு தொல்லை. படத்துக்கு எறும்பு வரும், அதற்கு முன்னால் ஆடு வரும். அவள் நன்றாக வரைந்த ஒரு கிழவரை அவருடைய ஆடே நக்கி, பிறகு கடித்து, பிறகு தின்றேவிட்டது. கிழவருக்கு ரொம்ப சந்தோஷம். "எங்கிட்ட இத்தன வருசமா இருக்கு, இன்னைக்குத்தான் என்னை ருசி பாத்திருக்கு" என்றார்.

படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா பாதியில விட்டுட்டியே." ஹரிகிருஷ்ணன் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், கட்டின புருஷனும் சொன்னான். "ஏட்டி, இவனுக்கு ஒரு காதுதான் இருக்கு, இன்னொண்ணு எங்க?" என்றான் சுடலைராஜ். பேபிக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். "முடிஞ்சிட்டு. அவ்வளவுதான் படம்" என்பாள். சொல்லிவிட்டாலும், ராத்திரி படுக்கும்போது அந்த 'பாதி' என்கிற சொல் முள்ளு மாதிரிக் குத்திக்கொண்டிருக்கும். ஒருவேளை நிஜமாகவே பாதிதானோ?

சந்தையில் அவளுக்குச் சிக்காத ஒரே ஆள் மாடக்கண்ணு. ஆளைப் பார்த்தால் வரையத் தோன்றும். காய்ந்த கரிசல்காட்டு வெடிப்பு மாதிரி நெற்றி, சப்பை மூக்கு, கிருதாவில் நரை. ஆனால் வரைந்தால் வெறும் மூக்கும் முழியும்தான் வரும், மனுசன் வர மாட்டார். ஒவ்வொரு வாரமும் வரைந்து வரைந்து கிழித்துப் போட்டாள். ஆடி மாதம், காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு காலையில், துண்டுக்குள் கையை விட்டு நின்றவரைப் பார்த்துப் பிரஷ்ஷை வீசினாள். எதையும் யோசிக்கவில்லை. கை தானாகப் போனது. படத்தை மடியில் வைத்துப் பார்த்தால் உயிரோடு நிற்கிறார் மாடக்கண்ணு. அவருடைய இடது புருவம் வலதைவிட ஒரு நெல்லளவு மேலே ஏறியிருந்தது. அவர் புருவம் அப்படி ஏறியதை அவள் கண் பார்த்ததாகவே நினைவில்லை, கைதான் பார்த்திருந்தது. அதற்குப் பிறகு வரைந்த படங்களிலும், ஒவ்வொரு பேரத்திலும் ஏதோ ஒரு நேரத்தில், அந்தப் புருவம் அப்படி ஏறி இறங்குவது பதிந்தது.

முதல் படத்தைச் சந்தை வாசலில் டீக்கடை வைத்திருந்த ஆறுமுகசாமி கேட்டார். "நம்ம மாடக்கண்ணு அண்ணாச்சிய அப்படியே உரிச்சு வச்சிருக்கியளே! கடையில மாட்டுதேன், குடுங்க" என்றார். பாய்லருக்கு மேலே மாட்டினார். பேபி அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நாலு தடவை அந்தக் கடைக்கு டீ குடிக்கப் போனாள். ஆறுமுகசாமி டீ அப்படியொன்றும் நன்றாக இருக்காது. நாலு தடவையும் நின்றுகொண்டே, படத்துக்கு எதிரே நின்றுதான் குடித்தாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் நிமிர்ந்து பார்த்து, "அட, கல்லுமூஞ்சி!" என்றபோது அவளுக்குத் தலை கால் புரியவில்லை. மற்றவர்கள் மூஞ்சியை வரைவது அவளுக்கு வேலை. அந்த மூஞ்சிதான் அதை வைத்திருப்பவருக்குப் பிழைப்பு என்பதை அந்த மகராசி நினைத்துப் பார்க்கவேயில்லை.

நினைத்துப் பார்த்தவன் வெயிலுமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக் கறிக்கடைகளுக்கு மொத்தமாக ஆடு பிடிக்கிறவன், கண்கொத்திப் பாம்பு. டீயைக் குடித்தவன் படத்தைப் பார்த்தான். புருவத்தைப் பார்த்தான். கிளாஸை வைத்துவிட்டுப் போய் மாடக்கண்ணுவோடு ஒரு பேரம் போட்டான். விரலை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே புருவத்தையே பார்த்திருந்தான். ஏறியது. நின்றுகொண்டான். ஆட்டுக்காரர் சொன்ன விலை வந்துவிட்டது என்று கண்டுகொண்டு, அதற்கு மேல் ஒரு விரலும் தரவில்லை. மாடக்கண்ணு வியாபாரத்தை முடித்துவிட்டு, இவன் எப்படிச் சரியாக அங்கே நின்றான் என்று குழம்பிப்போனார்.

தனக்குக் கிடைத்த ரகசியத்தை வாய்க்குள் வைத்திருக்க வெயிலுமுத்து என்ன முனிவனா? கூட்டாளி ஒருத்தனிடம் சொன்னான். அவன் ரெண்டு பேரிடம் சொன்னான். ஆவணி முடிவதற்குள் வெளியூர் வியாபாரிகள் எல்லாரும் முதலில் ஆறுமுகசாமி கடையில் டீயைக் குடித்து, படத்தைப் பார்த்துப் பாடம் படித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். மாடக்கண்ணு கையால் விற்ற ஆடெல்லாம், ஆட்டுக்காரர் சொன்ன கடைசி விலைக்கே போனது. ஒரு விரல் கூட ஏறவில்லை. ஆட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ரெண்டு பேர் வேறு தரகரிடம் போனார்கள். எதனால் என்று அவருக்கு மட்டும் தெரியவில்லை. தன் மூஞ்சி தனக்குத் தெரியாதே.

பேபிக்கு விஷயத்தைச் சொன்னது ஆறுமுகசாமிதான். பெருமையாகத்தான் சொன்னார். "ஒங்க படத்தப் பாத்துத்தான் இப்ப சந்தையே நடக்குது, தெரியுமா?"

உள்ளதைச் சொல்ல வேண்டும். கேட்டதும் அவளுக்கு முதலில் நெஞ்சு விம்மியது. பாதி, பாதி என்றார்களே! அந்தப் பாதியைப் பார்த்துத்தான் ஊர் ஊராக வந்த வியாபாரிகள் கைப்பணத்தைப் போடுகிறார்கள். ஒரு படத்துக்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? அந்தச் சந்தோஷம் தொண்டைக்கு வந்து சேர்வதற்குள், அங்கே வெயிலில் ஆட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற மாடக்கண்ணு கண்ணில் பட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தானா என்று நினைத்தாள்.

மறைக்கத் தோன்றவில்லை அவளுக்கு. நேரே போய் அவரை டீக்கடைக்குக் கூட்டிவந்து, படத்துக்கு முன்னால் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். மாடக்கண்ணு படத்தை வெகுநேரம் பார்த்தார். சத்தம் போடுவார் என்று ஆறுமுகசாமி அடுப்புக்குப் பின்னால் ஒதுங்கினார். அவர் சத்தம் போடவில்லை.

"தாயி, என் மூஞ்சிய எனக்குத் திருப்பிக் குடுத்துரு" என்றார்.

பேபிக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்படி அண்ணாச்சி குடுக்க? என்ன செய்யணும், சொல்லுங்க."

"இதே மாதிரி இன்னொண்ணு போடு. ரெண்டு புருவமும் நேரா இருக்கட்டும். இத எடுத்துட்டு அத மாட்டிருவோம். முன்ன பாத்தது தப்புன்னு நெனச்சுக்கிடுவானுவ."

அவர் கேட்டது நியாயம்தான். அவள் செய்திருக்கலாம், கால் மணி நேர வேலை. ஆனால் அவள் தலை தானாக இடமும் வலமும் ஆடியது. "அது மட்டும் முடியாது அண்ணாச்சி. வாரம் பூரா பொய் மூஞ்சிதான் போடுதேன் பிரஸ்ல. சனிக்கிழமையும் போடச் சொல்லாதீங்க. கையில வராது."

"ஒனக்கு ஒன் படம் பெருசு. எனக்கு என் வகுறு பெருசு" என்றார் மாடக்கண்ணு. அப்போதும் குரல் ஏறவில்லை. ஆனால் இடது புருவம் ஏறியிருந்தது. எதிரே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தவர், கையை வைத்துத் தன் நெற்றியைத் தடவினார். ஏறித்தான் இருந்தது. "அட மூதேவி" என்று புருவத்தை வைதார்.

அங்கேதான் வழி பிறந்தது. பேபி வேனுக்கு ஓடி, அவரை வரைந்த படங்களையெல்லாம் கட்டாகக் கொண்டுவந்து பெஞ்சில் பரப்பினாள். மாடக்கண்ணு தன் முகத்தைப் பார்த்தது சலூன் கண்ணாடியில் மட்டும்தான். சலூனில் யார் பேரம் பேசுவது? வேலை செய்கிற தன் முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். ஏறாத புருவம், ஏறப்போகிற புருவம், ஏறி இறங்கின புருவம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "என்னைய எனக்கே தெரியாம இத்தன நாளு யாவாரம் பண்ணியிருக்கேனே" என்றார். அவர் குரலில் கோபம் போய் ஆசை வந்திருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோவில்பட்டியில் பேபி வீட்டுக்கே வந்துவிட்டார். சும்மா வரவில்லை, கையில் ஒரு கிடாக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பொய் பேரத்துக்குப் புருவம் ஏறாது தாயி. நெசமாவே விக்கணும்" என்றார். பின்வாசலில் முருங்கை மரத்தடியில் சுடலைராஜ் வியாபாரியாக நின்றான். இருவர் கையும் துண்டுக்குள் போயின. பேபி எதிரே உட்கார்ந்து, ஏறும்போதெல்லாம் ஒரு வீச்சு வீசி, படத்தைத் தூக்கிக் காட்டுவாள். "ஏறிட்டு அண்ணாச்சி." மாடக்கண்ணு பல்லைக் கடிப்பார், மறுபடியும் முதலிலிருந்து. முதல் ஞாயிற்றுக்கிழமை குட்டி சுடலைராஜுக்கே அடிமாட்டு விலைக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் வந்து அதைத் திரும்ப வாங்கினார். அதற்கும் அடுத்த வாரம் மறுபடி விற்றார். நடுவில் குட்டி அந்த வீட்டிலேயே கிடந்து, பேபியின் படங்களில் வாய்க்கெட்டியதை எல்லாம் தின்று கொழுத்தது.

ஐப்பசி பிறந்தபோது புருவம் சொன்ன பேச்சைக் கேட்டது. நில் என்றால் நின்றது. ஏறு என்றால் ஏறியது. இப்போது டீக்கடையில் போய்ப் படத்தைக் கழற்றிவிடலாம் என்றாள் பேபி.

மாடக்கண்ணு கையை ஆட்டினார். "கழட்டாத. அது அங்கனயே இருக்கட்டும். புருவமே ஏறாட்டா பயலுவளுக்குச் சந்தேகம் வந்துரும். ஏத்துவோம். எப்ப ஏத்தணும்ங்கத மட்டும் நான் பாத்துக்கிடுதேன்."

சுடலைராஜ் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தொடையில் தட்டிச் சிரித்தான். பேபி சிரிக்கவில்லை. தன் படம் அந்த இடத்திலேயே இருக்கும், ஒரு கோடு கூட மாறாமல் இருக்கும் என்பது அவளுக்கு எத்தனை பெரிய ஆறுதல் என்பது ஆம்பிளைகள் ரெண்டு பேருக்கும் தெரியாது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. முதல் நாள் மழை பெய்து சந்தை முழுக்கக் கரிசல் கரைந்து கிடந்தது. அந்த மண்ணில் மழைக்குப் பிறகு செருப்புப் போட்டு நடக்க முடியாது. அடி வைக்க அடி வைக்க மண் அப்பிக்கொண்டு காலோடு ஒரு செங்கல் வரும். எல்லாரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடந்தார்கள். புதூர்ப் பக்கத்திலிருந்து ரெங்கம்மாள் தன் கிடாய்களை ஓட்டிவந்திருந்தாள். வருசம் முழுக்க மேய்த்த கிடாய்களைத் தீபாவளிக்குத்தான் விற்பாள். மாடக்கண்ணுவிடம்தான் எப்போதும் கொடுப்பாள். அவர் காதில் விலையைச் சொல்லிவிட்டு, விலகி நின்று எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள்.

"அண்ணாச்சி, ஒங்க மூஞ்சிய நம்பித்தான் ஓட்டியாந்திருக்கேன். இந்த வாட்டியும் அவிய சொல்லி வச்ச மாதிரி அங்கனயே நின்னுட்டாவன்னா, நான் வேற ஆளப் பாத்துக்கிடுவேன். கோவிச்சுக்கிடக் கூடாது."

அவளுக்குப் பின்னால் மற்ற ஆட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ரெங்கம்மாள் போனால் அத்தனை பேரும் போவார்கள். அப்புறம் மாடக்கண்ணு சந்தைக்கு வேடிக்கை பார்க்கத்தான் வர வேண்டும். பேபிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன்னால் வந்த வினை என்று தெரிந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? செய்ய ஒன்றும் இல்லாததால் பிரஷ்ஷை நனைத்தாள்.

வெயிலுமுத்து வந்தான். டீக்கடையிலிருந்து நேராகத்தான் வந்தான். கிடாய்களைத் தொட்டுப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், துண்டுக்குள் கையை விட்டான். பேபி முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முகத்தோடு நிறுத்தாமல் ஆளை முழுசாக வரையத் தொடங்கினாள். மடித்துக் கட்டின வேட்டி, முறுக்கின முதுகு, துண்டுக்குக் கீழே புடைத்த முட்டி. வெயிலுமுத்துவின் கண் அந்தப் புருவத்தை விட்டு நகரவில்லை. விரல் ஏறியது. புருவம் அசையவில்லை. மறுபடி ஏறியது. அசையவில்லை.

அப்போது பேபியின் கை ஒரு வீச்சு வீசியது. வீசின பிறகுதான் என்னவென்று பார்த்தாள். மாடக்கண்ணுவின் வலது கால் பெருவிரல் கரிசல் சேற்றைக் குடைந்து உள்ளே போயிருந்தது. ஒரு பக்கம் கரை போட்டு அடைத்தால் தண்ணீர் இன்னொரு பக்கம் வழி பார்க்கத்தானே செய்யும்! ரெங்கம்மாள் சொன்ன விலை அந்த நொடியில்தான் வந்திருக்கிறது. முகம் பாறை. பெருவிரல் மட்டும் சேற்றுக்குள் துடிக்கிறது. பாம்பு ஊர்ந்தபோது அசையாத கால்.

வெயிலுமுத்து கீழே பார்க்கவில்லை. அவன் படித்த பாடத்தில் கால் இல்லை. விரலை ஏற்றினான், இன்னும் ஏற்றினான், நெற்றியில் வியர்வை துளிர்க்க ஏற்றினான். அதற்குப் பிறகு, ரொம்ப நிதானமாக, படத்தில் உள்ளபடியே, மாடக்கண்ணுவின் இடது புருவம் ஒரு நெல்லளவு மேலே போனது. வெயிலுமுத்து முகம் மலர்ந்தது. டக்கென்று நின்றுகொண்டான். "முடிச்சுக்கிடுவோம் அண்ணாச்சி!" துண்டு உதறித் தோளுக்குப் போனது. மாடக்கண்ணு ரெங்கம்மாள் காதில் ஏதோ சொன்னார். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகள் எல்லாம் அவிழ்ந்தன.

பேபி மடியைப் பார்த்தாள். ஈரம் மினுங்க மினுங்க இருந்தது படம். பத்துப் பன்னிரண்டு வீச்சுதான். ஒரு மனுசனின் பயம் முழுவதும் பெருவிரலில், மானம் முழுவதும் முகத்தில். இந்த மாதிரி ஒன்றை அவள் இதற்கு முன் வரைந்ததில்லை. இனியும் வருமோ வராதோ. ஊரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

"அக்கா! இன்னைக்கு என்ன படம் போட்டிருக்கீய? காட்டுங்க, பாப்போம்." வெயிலுமுத்து, இப்போது தன்னுடையதாகிவிட்ட பெரிய கிடாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய வந்துகொண்டிருந்தான். அவள் படம் போட்டால் அதில் ஒரு பாடம் இருக்கும் என்று அனுபவத்தில் கண்டவன் ஆயிற்றே. பின்னாலேயே இன்னும் நாலு வியாபாரிகள் வந்தார்கள்.

படத்தைக் கவிழ்த்தால் சந்தேகம் வரும். மாட்டேன் என்றால் ரெண்டு மடங்கு வரும். பேபி எழுந்து நின்றாள். காட்டுவதற்குத்தான் நீட்டுகிற மாதிரி படத்தை நீட்டி, கையைக் கொஞ்சம் இறக்கினாள், கிடாயின் மூக்கு உயரத்துக்கு. கிடாய் முகர்ந்தது. கருப்பட்டி. ஒரே இழுப்பு. பெருவிரல்தான் முதலில் போனது.

"அய்யய்யோ, ஆடு! ஆடு!" என்று வெயிலுமுத்து கயிற்றை இழுப்பதற்குள் மாடக்கண்ணுவின் இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டது. மிச்சத்தை ஆற அமர மென்று விழுங்கியது.

"கருப்பட்டித் தண்ணி சேத்திருக்குல்லா அண்ணாச்சி, அதுக்குப் பிடிக்கும்" என்றாள் பேபி.

"அடடா, கஷ்டப்பட்டுப் போட்டிருப்பியளே!"

"அதுக்கென்ன, அடுத்த வாரம் போட்டாப் போச்சு."

அவள் முகத்தில் ஒரு மடிப்பு விழவில்லை. உள்ளே என்ன பாடு பட்டது என்பதை அவள்தான் அறிவாள். வெயிலுமுத்து சிரித்துக்கொண்டே கிடாயை இழுத்துப் போனான். அவள் வாழ்நாளின் நல்ல படம், அதன் வயிற்றுக்குள் திருநெல்வேலிக்குப் பயணப்பட்டது.

கூட்டம் கலைந்ததும் மாடக்கண்ணு வந்தார். அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"நீயாத்தானே குடுத்தே தாயி? அதுல என்ன இருந்துச்சு?"

"ஒங்க வலது கால் பெருவிரலு அண்ணாச்சி."

அவர் திரும்பி, தான் நின்ற இடத்தைப் பார்த்தார். சேற்றில் ஒரு குழி, அதில் தண்ணீர் ஊறி நின்றது. போய்க் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடிவிட்டு வந்தார்.

"நல்ல படமா?"

"நான் போட்டதுலயே அதான் நல்ல படம்." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

மாடக்கண்ணு தோள் துண்டை எடுத்து மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரிய மனுசர்கள் முன்னால்தான் அவர் அப்படிச் செய்வார். "இத்தன நாளா கல்லுமூஞ்சிங்கிற பேர நான் வச்சிருந்தேன்" என்றார். "ஒன் மூஞ்சிய இன்னைக்குப் பாத்த பெறகு, அது ஒனக்குத்தான்." சந்தையில் அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் பொம்பளை அவள்தான். அழுத கண்ணோடு நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் மழைச் சகதி. மாடக்கண்ணு மடித்துக் கட்டின வேட்டிக்குக் கீழே கெட்டியான கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தார். காலுக்கு ரெண்டு செங்கல் வீதம் கரிசல் அப்பியிருந்தது. சந்தையே சிரித்தது. "அண்ணாச்சி, மிலிட்டரில சேந்துட்டீயளோ?" என்று கத்தினான் வெயிலுமுத்து. "கால்வலி. டாக்டர் சொல்லிட்டாரு" என்றார் மாடக்கண்ணு. முகம் கல்லாக இருந்தது. நேரே ரெங்கம்மாளின் சொந்தக்காரர் ஓட்டிவந்த மந்தைக்குப் போய்த் துண்டை விரித்தார்.

பேபி அவரை வரைந்தாள். துண்டு, தோள், திமிரான கழுத்து, முழங்கால் வரைக்கும் வரைந்து பிரஷ்ஷை எடுத்துவிட்டாள். அதையும் ஆறுமுகசாமி கேட்டு வாங்கிப் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தள்ளி நின்று பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி. காலக் காணோமே. பாதியில விட்டுட்டியளே?"

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றாள் பேபி. "அவ்வளவுதான் படம்."

டீ அன்றைக்கும் நன்றாக இல்லை. படத்துக்கு எதிரே நின்று ரெண்டு கிளாஸ் குடித்தாள்.